நான்கு வீரர்களும் ஒரே புத்தகத்தில் வந்தபோது

என் செல்ல மதினிக்கு,

நீங்கள் போன பிறகு உங்களுக்கு ஒரு வரி எழுத எனக்கு இவ்வளவு காலம் பிடித்திருக்கிறது. உட்கார்ந்தால் அழுகைதான் வரும், அழுமூஞ்சிக் கடிதம் உங்களுக்குப் பிடிக்காது என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். இப்போது சிரித்துச் சிரித்துச் சொல்ல ஒரு சேதி இருக்கிறது. உங்களைத் தவிர வேறு யாரிடம் சொன்னாலும் அதில் பாதிதான் புரியும்.

இன்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கம்பத்தில் சரியான வெயில். என் பெண் தொட்டிலில் தூங்குகிறாள், அவள் அப்பா தொட்டிலுக்குக் கீழே பாயில் தூங்குகிறார். இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி வாய் திறந்திருக்கிறது. ஆமாம் மதினி, எனக்குப் பெண் பிறந்திருக்கிறாள். அமுதா. பத்து மாதம் ஆகிறது. தெருவில் இரண்டு கோழி சண்டை போட்டால் போதும், கண்ணை அகல விரித்துக்கொண்டு கையைத் தட்டுகிறாள். யாரைக் கொண்டிருக்கிறாள் என்று உங்களுக்கே தெரியும்.

இதை வேறு யாரும் படிக்க நேர்ந்தால் அவர்களுக்காக ஒரு வார்த்தை. மதினி என்றால் என் அண்ணன் மனைவி. போடி கடைவீதியில் எங்கள் பலசரக்குக் கடை. கடைக்குப் பின்னாலேயே வீடு. நான் எட்டாம் வகுப்பு படித்த வருஷம் சின்னமனூரிலிருந்து அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவர். சீர்ப் பாத்திரங்களோடு, பெரிய பூட்டுத் தொங்கும் தகரப்பெட்டி ஒன்றும் வந்தது. அதற்குள் பட்டுதான் இருக்கும், இல்லை வெள்ளிதான் என்று எங்கள் அம்மா மூன்று நாள் பொறுத்துப் பார்த்தார். அதற்கு மேல் முடியவில்லை. திறக்கச் சொல்லிவிட்டார்.

"என்னம்மா இது? பொம்மப் பொஸ்தகமா இருக்கு?"

"காமிக்ஸ் அத்தை."

"இதுக்கா இம்புட்டுப் பெரிய பூட்டு? வெள்ளிக் குத்துவிளக்கு வருதுன்னு உங்க வீட்டுல சொன்னாகளே, அது எங்க?"

"அது அங்கன சாக்குல கெடக்கு அத்தை. அத யாரு எடுக்கப் போறா? இதப் பூட்டலைன்னா எங்க அண்ணன் எடுத்துருவாரு."

அம்மா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்ததும், அண்ணன் சிரிப்பை மறைக்கக் கடைக்குள் ஓடியதும், நான் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்ததும் நேற்று மாதிரி இருக்கிறது. அன்றைக்கு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை என்று அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

உங்களுக்குத்தான் எத்தனை வீரர்கள்! கல்மலையன்: கருங்கல் உடம்பு, குண்டு பட்டால் குண்டுதான் சப்பையாகும். சூறாவளிச் சூரன்: காற்றை முந்திக்கொண்டு ஓடுவான். நீலவேணி: ஆற்றில் கால் வைத்தால் தண்ணீரோடு தண்ணீராகக் கரைந்துவிடுவாள். ஆந்தைக்கண்ணன்: அமாவாசை இருட்டிலும் எறும்பு போகும் தடம் அவன் கண்ணுக்குத் தெரியும். ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் புத்தகம், தனித்தனி ஊர், தனித்தனி எதிரி. நாலு பேரும் நாலு உலகத்தில் இருந்தார்கள். ஒருவனுக்கு இன்னொருவன் இருப்பதே தெரியாது.

எங்களுக்குத் தெரிந்திருந்தது. அதுதான் தொல்லை. கல்மலையனும் சூரனும் மோதினால் யார் ஜெயிப்பார் என்று நீங்கள் தோசை சுடும்போது ஆரம்பித்தால், அது கடைவரைக்கும் போகும். "தொட்டாத்தான அடிக்கிறதுக்கு? சூரனப் பிடிக்கவே முடியாதே" என்று அண்ணன் மல்லியை நிறுத்துக்கொண்டே குரல் கொடுப்பார். "அவன் ஓடி ஓடிக் களைச்சு எங்கயாச்சும் உக்காருவான்ல, அங்கன வச்சு அமுக்கிருவான் கல்மலையன்" என்று நீங்கள் உள்ளேயிருந்து கத்துவீர்கள். மல்லி வாங்க வந்தவரும் ஒரு கட்சியில் சேர்ந்துகொள்வார்.

அந்த நாலு பேரும் ஒரே புத்தகத்தில் வருகிறார்கள் என்று ஒரு தீபாவளி மலருக்கு விளம்பரம் வந்ததே, நினைவிருக்கிறதா? அந்த வருஷம் உங்களுக்கு எடுத்த புடவை என்ன நிறம் என்று கேட்டால் உங்களுக்கே தெரிந்திருக்காது. உங்கள் அண்ணன் குமுளிக்கு ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தார். பஸ் ஸ்டாண்டு கடையில் சொல்லிவைத்து வாங்கி, ஐப்பசி மழையில் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்து கொடுத்தார். அட்டையில் நாலு பேரும் தோளோடு தோள் உரச நின்றார்கள். நீங்கள் அதைத் தொடாமல் கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "ஏய் வசந்தா, இவுகளுக்கு ஒருத்தர ஒருத்தர் தெரிஞ்சுபோச்சுடி" என்றீர்கள், ஏதோ நம் சொந்தக்காரர்கள் சமாதானமாகிவிட்ட மாதிரி.

அது ஏன் நம்மை அப்படி ஆட்டிவைத்தது என்று கல்லூரி விடுதியில் படுத்துக்கொண்டு யோசித்திருக்கிறேன். தனியாக வரும்போது அந்த வீரர்களுக்கு ஒரு குறையும் கிடையாது. எதிரியே அவர்களுக்கு ஏற்றமாதிரிதான் வருவான். கல்மலையனின் கதையில் யாரும் அவனைக் கிணற்றுக்குள் இறங்கச் சொல்வதில்லை. சேர்ந்து வரும்போதுதான் வேடிக்கை தெரிகிறது. கல்லுக்கு நீந்தத் தெரியாது. நீலவேணி வெயிலில் வாடிப்போகிறாள். சூரனுக்கு நின்று யோசிக்க வராது. என் ஆந்தைக்கண்ணன் பகலில் கண் கூசித் தூணில் முட்டிக்கொள்கிறான். பெரிய ஆட்கள் என்று நினைத்திருந்தவர்கள் நம் வீட்டு ஆட்கள் மாதிரி ஆகிவிடுகிறார்கள். இவன் விட்ட இடத்தை அவள் பிடிக்கிறாள். அந்த இடம் வரும்போதெல்லாம் உடம்பு சிலிர்க்கும், இல்லையா?

ஆந்தைக்கண்ணனுக்கு மட்டும் சின்னச் சின்னக் கட்டமாகப் போட்டிருந்தார்கள் என்று நான் சண்டை பிடித்தேன். "அவன் மட்டும் இல்லேன்னா மத்த மூணு பேரும் இருட்டுல செவுத்துல முட்டிச் செத்துருப்பாக, போடி" என்று சமாதானம் சொன்னீர்கள்.

ஒரே மூச்சில் படித்து முடிக்கக் கூடாது என்பது உங்கள் சட்டம். தினம் மத்தியானம் சமையல் முடிந்ததும் சில பக்கம். ஆளுக்கொரு குரல். மழை மேகங்களையெல்லாம் இரும்புப் பெட்டியில் அடைத்துவைத்த டாக்டர் மேகநாசனின் குரலை அம்மாவுக்குக் கொடுத்தீர்கள். "எனக்கு இந்தக் கூத்தெல்லாம் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, நீங்கள் படிக்கப் படிக்க அந்த ஆளுக்கு அம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக் குழந்தை அழுதது.

நாலு பேரும் ஒரே நேரத்தில் மேகநாசனின் கோட்டைக்கு வந்துசேர்கிறார்கள். மற்றவர்களைத் திருடர்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்கிறார்கள். பக்கம் பக்கமாக அடிதடி. அந்த இடத்தில்தான் அன்றைக்கு நிறுத்தினீர்கள். புத்தகத்தைக் கல்லாப்பெட்டிப் பக்கம் வைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனீர்கள். அண்ணன் பொட்டலம் மடிக்கிற பழைய தாள் கட்டும் அங்கேதான் இருந்தது. சாயங்கால வியாபாரம், கூட்டம். குனிந்த தலை நிமிராமல் அவர் கையை நீட்டி, கிடைத்ததைக் கிழித்துக் கிழித்து மடித்திருக்கிறார்.

பலசரக்குக் கடைக்காரன் பெண்டாட்டிக்குத்தான் இப்படி ஒரு கதி வரும்! க்ளைமாக்ஸ் முழுக்க மிளகாயும் சீரகமும் கடுகுமாகப் போடி முழுக்கப் போய்விட்டது.

அண்ணன் அன்று வாங்கிய வசவை எழுதினால் பத்திரிகையில் போட மாட்டார்கள். யார் யாருக்கு என்ன கட்டிக்கொடுத்தார் என்று அவரை நினைவுபடுத்தவைத்து, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நீங்கள் கிளம்பினீர்கள். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத மருமகள் தனியாக வீடு வீடாகப் போவதா என்று அம்மா தடுத்தார். பிறகு, "சரி, நானும் வாரேன். அந்த மேகப் பெட்டிய யாரு தொறந்தான்னு தெரியணும்ல" என்று அவரே முன்னால் நடந்தார். நான் பின்னால்.

ஜவுளிக்கடை கிரேஸ் அம்மா வீட்டில் மிளகாய்ப் பொட்டலம் பிரிக்காமல் இருந்தது. பிரித்தார்கள், படித்தார்கள், கொடுக்க மாட்டேன் என்றார்கள். "இதுக்கு முன்னாடி என்னன்னு சொல்லுங்க, தாரேன்." முன்கதையை நீங்கள் வாசலில் நின்று சொன்னீர்கள். கேட்டு முடித்ததும் அவர்களும் செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே வந்துவிட்டார்கள். காபித்தூள் கடை வீட்டில் இன்னொரு தாள். கடைசியில் சீரகம் போன வீடு. அங்கேதான் இடி.

"சீரகத்தக் கொட்டிக்கிட்டுத் தாள அடுப்புல போட்டேன். ஏன் இப்பிடிப் பாக்குறீக?"

"படமாச்சும் பாத்தீகளா?"

"ஒரு பொம்பளப் படம் சுருண்டு சுருண்டு எரிஞ்சுச்சு. உங்களுக்குத் தெரிஞ்ச பிள்ளையா?"

நீங்கள் அங்கேயே தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டீர்கள். முந்தின தாளில் நாலு பேரும் ஒருவர் கழுத்தை ஒருவர் நெரித்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த தாளில் கைகோத்துக்கொண்டு கோட்டைக் கதவை உடைத்தார்கள். எப்படிச் சேர்ந்தார்கள் என்கிற ஒரு பக்கம் மட்டும் சீரகக்காரி அடுப்பில் போய்விட்டது.

அதற்கப்புறம் ஒவ்வொரு தீபாவளிக்கும் நம் வீட்டில் அதே பேச்சுத்தான். "பசிச்சிருக்கும். எம்புட்டு நேரந்தான் அடிச்சுக்கிருவாக?" என்றார் அம்மா. சண்டையை நிறுத்தி ஜெபம் பண்ணியிருப்பார்கள் என்பது கிரேஸ் அம்மாவின் கட்சி. "பக்கம் தீந்துருக்கும், அதான் படக்குன்னு சேத்துவிட்டாக" என்றார் அண்ணன். அவரை எல்லோருமாகச் சேர்ந்து கடைக்கு விரட்டினோம். உங்களுக்கு மட்டும் ஒரு பதிலும் பிடிக்கவில்லை. "இல்லடி, வேற என்னமோ இருக்கு" என்பீர்கள்.

சரி, இப்போது சேதிக்கு வருகிறேன்.

எனக்கு வேலை கிடைத்திருக்கிறது மதினி. உத்தமபாளையத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். பி.எட். முடித்துவிட்டு எத்தனை வருஷம் காத்திருந்தேன்! வந்ததும் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். நான் தொட்டிலைத் திரும்பிப் பார்த்தேன். அமுதாவை யார் பார்ப்பார்கள்?

நான் எப்படிப்பட்ட அம்மாவாகிவிட்டேன் என்று நீங்கள் பார்த்திருந்தால் கேலி செய்தே கொன்றிருப்பீர்கள். ஆறிய வெந்நீரை மறுபடி கொதிக்கவைப்பேன். அவள் அசையாமல் தூங்கினால் மூக்கடியில் விரலை வைத்துப் பார்ப்பேன். அசைந்து தூங்கினால் ஏன் அசைகிறாள் என்று பார்ப்பேன். வேறு யார் கையிலும் சேர்ந்தாற்போல் கொஞ்ச நேரம் விடமாட்டேன். "நானே பாத்துக்கிருவேன்" என்பதுதான் என் வாயில் எந்நேரமும்.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். உங்களிடமிருந்துதான். ஒரு காய்ச்சல். பொங்கல் வேலை, கடையில் கூட்டம், எல்லோரும் ஓடிக்கொண்டிருக்கிறார்கள் என்று யாரிடமும் சொல்லாமல் அதை வைத்துக்கொண்டு நீங்களே மாவாட்டி, நீங்களே வெள்ளையடித்து, நீங்களே சுருண்டுவிட்டீர்கள். தேனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது நேரம் கடந்திருந்தது. நாலு வீரர்கள் சேர வேண்டும் என்று வருஷம் பூராவும் காத்துக்கிடக்கிற ஆள், உங்களுக்கு ஒன்று என்றதும் ஏன் மதினி யாரையும் கூப்பிடவில்லை? கேட்டால் பதில் வராது என்று தெரிந்துதான் கேட்கிறேன்.

அழுமூஞ்சி இல்லை என்று சொன்னேனே, விட்டுவிட்டேன்.

இங்கே எங்கள் வீட்டு ஆட்களை உங்களுக்குச் சொல்ல வேண்டும். என் மாமியார்: குரலே ஒரு பர்லாங்கு கேட்கும், கை சின்ன விஷயத்துக்கும் அடுப்படிக் கரண்டியைத் தேடும், ஆனால் பேத்தியைத் தூக்கினால் பஞ்சாகிவிடுவார். பின்கட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் அம்மிணி சேச்சி. சொந்த ஊர் கேரளத்து வண்டிப்பெரியாறு. கணவர் மேலே எஸ்டேட்டில் வேலை, சனிக்கிழமை இறங்கி வருவார். என் கணவர்: உங்கள் அண்ணன் மாதிரியே ஜீப்தான், எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிப்போகிற சொந்த ஜீப். விடியற்கருக்கலில் போனால் பத்து பத்தரைக்கு வீடு, மறுபடி சாயங்காலம் போவார்.

மாமியாருக்கும் சேச்சிக்கும் ஆகாது. காரணம், குழந்தைக்குத் தேய்க்கிற எண்ணெய். இவருக்கு நல்லெண்ணெய்தான் எண்ணெய், மற்றதெல்லாம் விளக்குக்கு. அவருக்குத் தேங்காயெண்ணெய்தான் எண்ணெய், மற்றதெல்லாம் ஊறுகாய்க்கு. அமுதா பிறந்ததிலிருந்து இரண்டு பேரும் என் மூலமாகத்தான் பேசிக்கொள்வார்கள், அதுவும் அடுத்தவருக்குக் கேட்கிற மாதிரி.

போன திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டியிருந்தது. அதற்கு முன்னால் வெள்ளிக்கிழமை சான்றிதழ்களோடு வந்து பார்க்கச் சொல்லியிருந்தார்கள். போய் வர அரைநாள்தான். இந்த அரைநாளை ஓட்டிப் பார்ப்போம், சரிப்படாவிட்டால் வேலை வேண்டாம் என்று சொல்லிவிடுவோம் என்று மனசுக்குள் முடிவு கட்டிவைத்திருந்தேன்.

நான் செய்ததைக் கேளுங்கள். முதலில் மாமியாரிடம் சொன்னேன்: "அத்தை, குளிப்பாட்டி, கேப்பைக் கூழ் ஊட்டித் தூங்கவச்சிருங்க. உங்களத்தான் நம்பிப் போறேன்." சொல்லிவிட்டு வந்தால் மனசு கேட்கவில்லை, அத்தை குழாயடிக்குப் போய்விட்டால்? சுவர்ப் பக்கம் போய்ச் சேச்சியிடம் மெதுவாகச் சொன்னேன்: "சேச்சி, குளிப்பாட்டிக் கஞ்சி குடுத்துருங்க, உங்களத்தான் நம்பிப் போறேன்." அப்புறம், சேச்சியின் வீட்டில் திடீரென்று விருந்தாள் வந்துவிட்டால்? இவரிடம் தனியாக: "நீங்க சீக்கிரம் வந்து பிள்ளைக்கு எதாச்சும் ஊட்டிருங்க, உங்களத்தான் நம்பிப் போறேன்." ஒருவருக்குச் சொன்னதை இன்னொருவருக்குச் சொல்லவில்லை. சொன்னால் ஆளாளுக்குக் கோபம் வருமே!

மத்தியானம் பஸ்ஸைவிட்டு இறங்கி நான் ஓடி வருகிறேன். தெருமுனையிலேயே மாமியாரின் குரல்.

"பத்து மாசப் பிள்ளைய ஒரே பொழுதுல ரெண்டு தடவ குளிப்பாட்டுவாகளா? இது பிள்ளையா, பித்தளக் குடமா?"

"என்டெ அம்மே! எண்ணெயில பொரிச்செடுத்த வட மாதிரி கெடந்துச்சு குட்டி. வழுக்கிட்டுல்ல போகுது! நான் கழுகிக் குளிப்பாட்டித் தேங்காயெண்ண தேய்ச்சு, ஏத்தவாழைக்காய்ப்பொடிக் கஞ்சி குடுத்தேன். அது தெற்றா, தப்பா?"

"கஞ்சியா? நான் கூழு ஊட்டி இன்னும் வாயி காயல!"

இடையில் இவர் குரல், கொஞ்சம் தாழ்வாக: "ஆத்தா... நான் வந்தப்ப வீட்டுல ஒரு ஆளு இல்ல. பிள்ள தொட்டில்ல முழிச்சுக்கிட்டுக் கெடந்துச்சு. நான் ரெண்டு இட்லிய..."

"என்னது?"

"பால்ல பெசஞ்சுதான் ஆத்தா..."

"நீ வண்டிக்கு டீசல் ஊத்துறதோட நிறுத்திக்க! பிள்ள வகுத்துக்குள்ளயும் ஃபுல் டேங்கு போடணுமா?"

உள்ளே நுழைந்தேன். முற்றத்தின் நடுவில் பாய். பாயின்மேல் என் பெண், இரண்டு எண்ணெயும் சேர்ந்து பளபளக்க, வயிறு தம்பட்டம் மாதிரி இறுகி, மூன்று பேர் சண்டையையும் மாற்றி மாற்றிப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருக்கிறாள். அவ்வளவுதான், வேலையாவது ஒன்றாவது என்று நினைத்தேன். சான்றிதழ்ப் பையைக் கீழே போட்டுவிட்டுக் குழந்தையைத் தூக்கினேன். தோளில் போட்டதும் ஒரு ஏப்பம் விட்டாள் பாருங்கள் மதினி! பெரிய மனுஷன் பந்தியில் மூன்றாம் பாயசம் குடித்துவிட்டு விடுகிற ஏப்பம். சுவரில் உட்கார்ந்திருந்த காக்கை பறந்தது.

சண்டை அப்படியே நின்றது. மாமியார் சேச்சியைப் பார்த்து, நேராக, என் மூலமாக இல்லாமல், கேட்டார்: "ஆமா, உன்னய யாரு வரச் சொன்னா?"

"வசந்தா. உங்களத்தான் நம்பிப் போறேன்னு சொல்லிச்சு."

"எங்கிட்டயும் அதத்தான சொன்னா!"

"என்கிட்டயும்" என்றார் இவர்.

மூன்று தலையும் ஒன்றாக என் பக்கம் திரும்பின.

மதினி, அந்த நிமிஷம் எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. எரிந்துபோன பக்கத்தில் என்ன இருந்திருக்கும் என்று! ஜெபமும் இல்லை, பசியும் இல்லை. கழுத்தை நெரித்துக்கொண்டே யாரோ ஒருவர் கேட்டிருப்பார், "உன்னை இங்கே வரச் சொன்னது யார்?" என்று. நாலு பேருக்கும் தனித்தனியாக ஆள் அனுப்பி ஒரே கோட்டைக்கு வரவழைத்தது மேகநாசனாகத்தான் இருக்கும். கேட்டதும் நாலு தலையும் ஒன்றாகத் திரும்பியிருக்கும். அந்தக் கணத்திலிருந்து அவர்கள் ஒரு கூட்டம்.

இங்கே மேகநாசன் நான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்க அடக்கப் பொங்கியது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அப்படியே பாயில் உட்கார்ந்து சிரித்தேன். "இவளுக்கு வெயிலு தலைக்கேறிருச்சு, மோர் கொண்டா" என்று மாமியார் சேச்சிக்கு உத்தரவு போட்டார். சேச்சி ஓடிப்போய்க் கொண்டுவந்தார். இரண்டு வீட்டுக்கும் நடந்த முதல் கொடுக்கல் வாங்கல் அந்தச் செம்பு மோர்தான்.

மோரைக் குடித்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். உங்களை, பெட்டியை, நாலு வீரர்களை, சீரகத்தை. மாமியாருக்கு எழுத்து தெரியாது, காமிக்ஸ் என்றால் என்னவென்றே தெரியாது. இருந்தும் நடுவில் நிறுத்தி நிறுத்திக் கேள்வி கேட்டார்.

"குண்டு பட்டாலும் ஒண்ணும் ஆகாதுன்னியே, அவன் யாரு?"

"கல்மலையன், அத்தை."

"அது நான்."

"அப்ப தண்ணிக்காரி ஞானாக்கும்" என்றார் சேச்சி. "பெரியாறு எங்க ஊருல்ல."

"இவன் எதுக்கு லாயக்கு?" என்று மாமியார் மகனைக் காட்டினார்.

"ஓட்டத்துக்கு" என்றேன்.

பிறகு மூன்று பேரும் என்னைச் சமையற்கட்டுக்கு விரட்டிவிட்டுத் தனியாக உட்கார்ந்து பேசினார்கள். ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். காலைக் குளியல் மாமியார் பாடு. எண்ணெய் விஷயத்தில் செவ்வாயும் வெள்ளியும் நல்லெண்ணெய், மற்ற நாள் தேங்காயெண்ணெய் என்று ஒப்பந்தம் ஆனபோது எனக்குக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. மாமியார் குழாயடிக்குப் போகும் நேரம் அமுதா சேச்சியிடம். பசி, கஞ்சி, அதுவும் சேச்சியிடம். பத்தரைக்கு மேல் இவர் வந்து தூங்கவைப்பது. அதில் இவரை யாரும் அடிக்க முடியாது மதினி. தொட்டிலை ஆட்டிக்கொண்டு, ஜீப்புக்கு ஆள் கூப்பிடுகிற அதே ராகத்தில், "குமுளி, குமுளி, குமுளி... வண்டிப்பெரியாறு... ஏலப்பாறை..." என்று மெதுவாக இழுப்பார். ஏலப்பாறை வருவதற்குள் அவள் தூங்கியிருப்பாள்.

எல்லாம் முடிந்து மாமியார் கதவருகே வந்து நின்று தீர்ப்புச் சொன்னார். "ஏத்தா, திங்கக்கிழம நீ போற. பிள்ள எங்க மூணு பேரு பாடு. ஆனா ஒண்ணு. இனிமே சொல்றதா இருந்தா மூணு பேரையும் ஒண்ணா உக்காரவச்சுச் சொல்லு. தனித்தனியா வந்து காதக் கடிச்சேன்னா, கரண்டி பேசும்."

திங்கட்கிழமை போனேன். பஸ் அனுமந்தன்பட்டி தாண்டுவதற்குள் இறங்கித் திரும்பிவிடலாமா என்று பலமுறை நினைத்தேன். வகுப்பில் பாடம் நடத்துகையில் ஒரு கண் கடிகாரத்தில். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடுவரை ஓட்டம், செருப்பு ஒரு பக்கம், பை ஒரு பக்கம். செவ்வாயும் ஓடினேன். புதனும் ஓடினேன். கடைத்தெருவில், "டீச்சரம்மா, தொரத்துறது யாரு?" என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

நேற்று முன்தினம், வெள்ளிக்கிழமை, கடைசிப் பாடவேளை. ஏழாம் வகுப்பு, பருவக்காற்று. கரும்பலகையில் மேற்கே மலைத்தொடரை வரைந்து, அந்தப் பக்கம் ஏன் அப்படிக் கொட்டுகிறது, நம் பக்கம் ஏன் தூறலோடு நின்றுவிடுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு பெண் எழுந்து, "மேகமலையில நிக்கிற மேகம் எங்கள ஏமாத்துதா டீச்சர்?" என்றாள். இன்னொருத்தி அதற்குப் பதில் சொன்னாள், மூன்றாவது ஒருத்தி மறுத்தாள், வகுப்பே இரண்டு கட்சியாகிவிட்டது. நானும் ஒரு கட்சியில் சேர்ந்துகொண்டேன். மணி அடித்தது. சாக்பீஸை வைத்துவிட்டுக் கையைத் தட்டும்போதுதான் உறைத்தது, அந்தப் பாடவேளை முழுக்க என் பெண்ணை நான் நினைக்கவே இல்லை. ஒரு முறைகூட.

பகீரென்றது. பிறகு, என்னவென்று சொல்ல, உடம்பு முழுக்க லேசாக இருந்தது. அவளை நினைத்துக்கொண்டிருக்க அங்கே மூன்று பேர் இருந்தார்கள்.

பஸ் ஸ்டாண்டில் இறங்கிக் கொஞ்சம் பன்னீர் திராட்சை வாங்கிக்கொண்டு, கடைகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். வாசலில் மாமியார், இடுப்பில் அமுதா. சேச்சி பக்கத்தில் நின்று அவளுக்கு விரலைச் சொடுக்கி விளையாட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்.

மாமியார் என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்னத்தா, இன்னைக்கு நடந்து வார?"

அமுதா என்னைப் பார்த்துச் சிரித்தாள். சிரித்துவிட்டு, மறுபடி சேச்சியின் விரலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள்.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுத்து முடிக்கிறேன் மதினி. எனக்குத் தலைவலி என்றால்கூட இனி நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லமாட்டேன். காய்ச்சல் என்றால் தெருவையே கூட்டிவிடுவேன். பொங்கல் வேலை கிடந்தால் கிடக்கட்டும், வெள்ளையடிக்காத சுவர் அப்படியே இருக்கட்டும். மூன்று பேரையும் ஒன்றாக உட்காரவைத்து, "எனக்கு முடியல, வாங்க" என்று வாய்விட்டுச் சொல்லுவேன். நீங்கள் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து நானே சொல்லுவேன்.

இப்படிக்கு,
உங்களோடு வாசலில் நின்று ஊருக்கே கதை சொன்ன உங்கள் நாத்தனார்,
வசந்தா